எஞ்சின் மாத்தினோம், வண்டி ஓடுது

எங்க குழுவோட பழைய மினி டிராக்டர்ல எஞ்சின் பிளாக்கே வெடிச்சுப் போச்சு. “இரும்பு விலைக்குப் போடுங்க” என்றார்கள். வாடகை நின்னாலும் கடன் தவணை நிக்காதே! கியர் பாக்ஸும் பின் அச்சும் நல்லா இருந்ததால், வேறு டீசல் எஞ்சின் தேடினோம்.

குதிரைத்திறன் மட்டும் ஒத்துப்போனால் போதாது. எஞ்சின் சுற்றும் திசை, வேகம், கிளட்ச் ஹவுசிங் போல்ட் துளைகள் எல்லாம் பொருந்தணும். மையம் சரியா உட்காராவிட்டால் கிளட்சும் பேரிங்கும் சீக்கிரம் தேஞ்சிடும். எஞ்சின் நம்பர் மாறுவதால் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆர்.சி.யையும், பிறகு இன்சூரன்ஸையும் திருத்தணும். அதனால பில் இல்லாத எஞ்சினை வாங்காதீங்க.

செலவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். இப்போ வண்டி உழவுக்குப் போகுது. பொம்பளைக்கு எஞ்சின் பத்தி என்ன தெரியும்னு கேட்டா, மெக்கானிக் பக்கத்துல நின்னு கேட்டா தெரியும்னு சொல்லுங்க.