நாரைத் தேடிய மேனாட்டார்



காண்பான் ஒருவன் உளனோ, காட்சி மட்டுமே உளதோ? காண்பான் இல்லையெனின் வினை செய்தவன் யார், அதன் பயனை நுகர்பவன் யார்? சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தைப் பாடங்கேட்டோர்க்கு இவ்வினா புதிதன்று. மேனாட்டு ஞானியரும் 270 ஆண்டுக்கு மேலாக இதனோடு போராடினர். அதனை இன்று சிறிது காண்போம்.

பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் 1641-இல் தம் ‘தியானங்கள்’ என்னும் நூலில், ஐயுறத்தக்க யாவற்றையும் ஐயுற்று ஒதுக்கினார். கண்ட உலகு கனவாகலாம். ஆயினும் ஐயுறுகின்ற நான் உளேன் என்பதனை ஐயுற இயலாது. அதனையே தம் தத்துவத்திற்குக் கடைக்காலாக இட்டார்.

ஸ்காட்லாந்து நாட்டு டேவிட் ஹியூம் அக்கடைக்காலையே தோண்டிப் பார்த்தார். 1739-இல் மனித இயல்பைப் பற்றிய தம் நூலை வெளியிட்டபோது அவர்க்கு அகவை 27. அகத்தே நோக்குந்தோறும் வெப்பமோ தட்பமோ, இன்பமோ துன்பமோ அகப்படுகின்றதேயன்றி, அவற்றையுடைய ஒருவன் அகப்படவில்லை. ஆதலின் ‘நான்’ என்பது உணர்வுகளின் தொகுதியே என்றார். இவரை நாத்திகர் என்று தள்ளிவிடுதல் எளிது, நியாயமன்று. 1740-இல் வந்த மூன்றாம் பகுதியின் பிற்சேர்க்கையில், சிதறிய உணர்வுகளை ஒன்றாகக் கோப்பது எது என்பதற்குத் தம்மால் விடைகாண இயலவில்லை என்று அவரே எழுதினார். தம் கொள்கையின் ஓட்டையைத் தாமே காட்டும் ஆண்மை வாதம் புரிவோரிடத்து அரிது, நம்மவரிடத்தும் அரிதே.

தம்மை உறக்கத்தினின்றும் எழுப்பியவர் ஹியூமே என்றார், கோனிக்ஸ்பெர்க் நகரத்துப் பேராசிரியர் காண்ட். 1781-இல் வெளியிட்ட தம் பெருநூலை 1787-இல் திருத்தியபோது, எண்ணம் ஒவ்வொன்றனோடும் ‘நான் எண்ணுகின்றேன்’ என்பது உடன்வரத்தக்கதாதல் வேண்டும் என்றார். பூமாலையிலே மலர் தோன்றும், நார் தோன்றாது. நாரைக் காணோம் என்றவர் ஹியூம். நாரின்றி மாலை ஏது என்றவர் காண்ட். ஆயினும் அந்த நார் எத்தகைய பொருள் என்று அறிய வழியில்லை என்று அவரும் நின்றுவிட்டார்.

அவர்க்குப் பின் ஹெகல், உலகனைத்தையும் உட்கொண்ட பேரறிவு ஒன்றினைக் கூறினார். அதனுட் புகுந்தால் அர்த்தசாம பூசைக்கும் எழமாட்டோம்!

1904-இல் அமெரிக்கப் பேரறிஞர் வில்லியம் ஜேம்ஸ், அறிவுணர்வு என்பது தனிப்பொருளன்று, ஒரு செயற்பாடே என்று மீண்டும் மறுத்தார். அதற்குச் சற்று முன்னர், 1901-இல், ஜெர்மானிய ஞானி ஹுஸ்ஸர்லும் தம் ‘தருக்க ஆய்வுகள்’ நூலில், தூய ‘நான்’ என்பதனைத் தம்மாற் காண இயலவில்லை என்று எழுதியிருந்தார். 1913-இல் அந்நூல் இரண்டாம் பதிப்பாக வந்தது. அவ்வரிகளை அவர் அழிக்கவில்லை. அடிக்குறிப்பு ஒன்று மட்டும் சேர்த்தார்: அதனைக் காண இதற்குள் தாம் கற்றுக்கொண்டதாக.