பிழைக்குள் இருக்கும் தமிழ்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆங்கில ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆங்கிலத்தில் நம் பிள்ளைகளைத் தடுமாற வைப்பவை நீளமான சொற்கள் அல்ல. இன், ஆன், அட், டு, ஃபார், வித் என்னும் சின்னஞ்சிறு சொற்கள்தாம். பிரெபொசிஷன் என்று நாம் நடத்தும் அந்தப் பாடத்தைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய வாக்கியம் இது: 'மை ஃபாதர் இஸ் ஆங்ரி ஆன் மீ.' அங்கே 'வித் மீ' என்று வரவேண்டும். சிவப்பு மையால் 'ஆன்' என்பதைச் சுழிக்க ஒரு நொடி போதும். ஆனால் அவள் யோசிக்காமல் எழுதவில்லை. 'அப்பாவுக்கு என் மேல் கோபம்' என்பதுதான் அவள் மனத்தில் ஓடிய வாக்கியம். மேசை மேல் இருக்கும் புத்தகத்துக்கு 'ஆன்' என்று முன்பே படித்திருக்கிறாள். அதையே இங்கும் பொருத்திப் பார்த்தாள். இது கவனக்குறைவு அல்ல, தமிழை வைத்துச் செய்த கணக்கு.

நம் வேற்றுமை உருபுகளை எண்ணிப் பாருங்கள். 'இல்' என்ற ஒன்றே பல இடங்களில் வேலை செய்கிறது. பெட்டியில் பேனா என்றால் 'இன்'. சுவரில் படம் என்றால் 'ஆன்'. வாசலில் நிற்கிறான் என்றால் 'அட்'. 'கு' உருபும் அப்படித்தான். மதுரைக்குப் போனேன் என்பதில் 'டு', காய்ச்சலுக்கு மருந்து என்பதில் 'ஃபார்', ஐந்து மணிக்கு என்பதில் 'அட்', நாய்க்குப் பயப்படுகிறான் என்பதில் 'ஆஃப்'. வீட்டுக்குப் போனேன் என்று சொல்ல 'ஐ வென்ட் ஹோம்' என்றால் போதும், அங்கே எதுவுமே வேண்டாம். ஓர் உருபுக்கு ஓர் ஆங்கிலச் சொல் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தால், அந்தப் பட்டியலே பிள்ளையை ஏமாற்றிவிடும்.

காரணம் சொல்லக்கூடிய இடங்களில் சொல்லிவிடலாம். எழுந்து நடக்க இடமுள்ள பேருந்து, ரயில், விமானம் ஆகியவற்றுக்கு 'ஆன்'. உடம்பைக் குறுக்கி உட்காரும் கார், ஆட்டோவுக்கு 'இன்'. இது ஓரளவு கைகொடுக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் காரணம் தேடக்கூடாது. வார இறுதியைச் சொல்லும்போது பிரிட்டனில் 'அட்' என்கிறார்கள், அமெரிக்காவில் 'ஆன்' என்கிறார்கள். இது வழக்கு, கேட்டும் படித்தும்தான் பழகவேண்டும்.

அப்படியானால் எப்படிக் கற்பிப்பது? விடுப்புக் கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 'ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று எழுதும்போது 'ஃப்ரம்' என்பதில் நம் பிள்ளைகள் தவறுவதே இல்லை. அதை யாரும் பிரெபொசிஷன் பாடமாக நடத்தவில்லை. முழுத் தொடராகவே மனத்தில் பதிந்துவிட்டது. அதே வழியில் 'ஆங்ரி வித்', 'அஃப்ரெய்டு ஆஃப்', 'குட் அட்', 'வெயிட் ஃபார்' ஆகியவற்றையும் பிரிக்காமல் ஒரே சொல்லைப் போலப் பழக்கலாம். 'டிஸ்கஸ்' மட்டும் தனியாகவே நிற்கும். 'பற்றி விவாதித்தோம்' என்ற தமிழை நினைத்து அதன் பின்னால் 'அபௌட்' சேர்க்கக்கூடாது.

'லுக் ஆஃப்டர்', 'ஃபைண்ட் அவுட்', 'கிவ் இன்' முதலிய தொடர்கள் வரும்போது பிள்ளைகள் மிரள்கிறார்கள். தமிழிலிருந்தே தொடங்குங்கள். 'பார்' என்பது வேறு, 'பார்த்துக்கொள்' என்பது வேறு அல்லவா? 'தம்பியைப் பார்த்துக்கொள்' என்று அம்மா சொன்னால் எந்தப் பிள்ளையும் தம்பியை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. 'கண்டு', 'பிடி' இரண்டும் சேர்ந்து 'கண்டுபிடி' ஆகிறது. 'விட்டுக்கொடு' என்பதிலும் யாரும் எதையும் கையில் எடுத்துக் கொடுப்பதில்லை. இரண்டு சொல் சேர்ந்து மூன்றாவது பொருள் தருவது நம் பிள்ளைகளுக்குப் பழகிய விஷயம்தான். 'லுக் ஆஃப்டர்' என்பது 'பார்த்துக்கொள்' மாதிரி என்று சொன்னால் அந்த மிரட்சி குறையும்.

தமிழ் நேரடியாக உதவும் இடமும் உண்டு. 'சின்ஸ் த்ரீ டேஸ்' என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். 'மூன்று நாளாகக் காய்ச்சல்', 'திங்கட்கிழமையிலிருந்து காய்ச்சல்' என்ற இரண்டையும் கரும்பலகையில் எழுதுங்கள். 'ஆக' வரும் இடத்தில் 'ஃபார்', 'இலிருந்து' வரும் இடத்தில் 'சின்ஸ்'. பெரும்பாலும் இது சரியாக வரும்.

ஒரு பக்கத்தில் பத்துச் சிவப்பு வட்டங்களைப் பார்த்த பிள்ளை, அடுத்த முறை பிழையில்லாமல் எழுதுவதில்லை; குறைவாக எழுதுகிறது. பிறகு வகுப்பில் பேசுவதையும் நிறுத்திவிடுகிறது. வீட்டில் ஆங்கிலம் கேட்க வழியில்லாத பிள்ளைக்கு நம் வகுப்பறைதான் ஒரே வாய்ப்பு. அங்கேயும் வாய் மூடிவிட்டால் அது வேறு எங்கே போய்ப் பேசும்? எனவே ஒரு கட்டுரையில் ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்துவோம். பேசும்போது இடைமறிக்காமல், பேசி முடித்தபின் அதே வாக்கியத்தைச் சரியான வடிவில் நாம் ஒருமுறை சொல்லுவோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் மாணவர்கள் எழுதிய ஐந்து பிழையான வாக்கியங்களைக் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், 'இதைத் தமிழில் எப்படிச் சொல்வாய்?' என்று அந்தப் பிள்ளையிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவற்றை வைத்து நம் ஒன்றியத்துக்கான பயிற்சித் தாளை நாமே தயாரித்துவிடலாம்.