தட்டேறிச் செல்லும் மின்சாரம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மைசூர்ச் சீமைக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு நெடுநாளையது. காவிரி வீழ்ந்து பாயும் சிவசமுத்திரத்தில் 1902-ஆம் ஆண்டிலேயே மின்சாரம் பிறந்து, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்க வயலை அடைந்தது. அத்திட்டத்துக்குத் துணைநின்ற திவான் சேஷாத்திரி ஐயர் அதன் நிறைவைக் காணாமல் 1901-இல் மறைந்தார். அச்சுரங்கங்களில் உழைத்த தமிழரைப் பற்றி இம்மன்றத்தில் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மைசூர் நகரம் மின்னொளி பெற்றது 1908-இல்.

அந்த நெடுவழியில் கம்பி உடையின்றியே சென்றது. சுற்றியிருந்த காற்றே அதற்குக் காப்பு. கட்டடத்துக்குள் அது நடவாது. அங்கே கம்பிக்குப் பிளாஸ்டிக்கோ ரப்பரோ போர்த்திக் கேபிளாக்குகிறோம். நூற்றுக்கணக்கான கேபிள்கள் ஓடும் ஆலைகளிலும் அங்காடிகளிலும் அவற்றைத் தாங்குவதற்குத் துத்தநாகம் பூசிய இரும்புத் தட்டுகளைக் கூரைக்குக் கீழே வரிசையாய்ப் பொருத்துகிறோம். தொழிலாளர் இதனைக் கேபிள் டிரே என்பர். கனத்த கேபிளுக்கு ஏணி போன்ற அமைப்பு. மெல்லியதற்குத் துளையிட்ட தட்டு. ஹெப்பாள், ஹூட்டகள்ளி, கூர்கள்ளிப் பகுதிகளின் ஆலைகளுள் தலைநிமிர்ந்து நோக்குவோர் இதனைக் காணலாம். நம் குடும்பங்களிலும் இத்தொழில் புரியும் இளைஞர் உளர். அவர் பொருட்டும், அவர் அமைத்த கூரையின்கீழ் நடமாடும் நம் அனைவர் பொருட்டுமே இவ்வுரை.

தட்டைத் தொங்கவிடுவது எளிய வேலை என்று எண்ணுவோர் உண்டு. தாங்கிகள் விலகி நின்றால் தட்டு தொய்யும். அறுத்த விளிம்பில் துத்தநாகப் பூச்சை மீண்டும் தடவாவிடில் துரு பிடிக்கும். பிசிரை அராவாவிடில் கேபிளின் உறை கிழியும். தட்டுகள் ஒன்றோடொன்று இணையும் இடந்தோறும் எர்த் தொடர்ச்சி அறாமல் இருத்தல் வேண்டும். கேபிளை அளவுக்கு மீறித் திணித்தால் வெப்பம் வெளியேற வழியின்றி அடியிலுள்ளவை வெந்து கெடும். இவையெல்லாம் நல்ல மேஸ்திரி அறிந்தவையே.

நாம் அஞ்சுவது வேறொன்று. கம்பிக்குக் காப்பாகும் அந்த உறையே தீக்கு உணவு. மின்சாரத்துக்கு நாம் போட்ட பாதை, தட்டு சுவரைத் துளைத்துச் செல்லும் இடங்களில், தீக்கும் பாதையாகிவிடும். 1975 மார்ச் 22 அன்று அமெரிக்காவின் பிரௌன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்தில், கேபிள் நுழையும் சுவர்த்துளையில் காற்றுக் கசிவு உண்டா என்று மெழுகுவர்த்திச் சுடரைப் பிடித்துப் பார்த்தார்கள். துளையை அடைத்திருந்த நுரைப்பொருள் பற்றிக்கொண்டது. ஏழு மணி நேரம் எரிந்த தீ 1,600-க்கும் மேற்பட்ட கேபிள்களைக் கெடுத்தது.

அது அயல்நாடு என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. உத்தரப் பிரதேசத்து நரோராவில் 1993 மார்ச் 31 அன்று டர்பைன் அலகு முறிந்து மூண்ட தீ கேபிள் வழியே பரவிற்று. வழக்கமான மின்சாரத்துக்கும் ஆபத்துக்கால மின்சாரத்துக்கும் உரிய கேபிள்கள் தக்க தடுப்பின்றி ஒரே வழியில் சென்றிருந்தமையால் இரண்டும் ஒருங்கே அழிந்தன. ஏறத்தாழ பதினேழு மணி நேரம் நிலையம் மின்சாரமின்றி நின்றது. பணியாளர் கைவிளக்கோடு இருளில் படியேறிச் சென்று, உலையின் அணுவினை மீண்டும் எழாதிருக்கப் போரான் கரைசலைக் கையால் திறந்துவிட்டனர். கதிர்வீச்சு வெளிப்படவில்லை. அவர்தம் துணிவை என்னென்பது!

அணுநிலையம் நம் ஊர் அங்காடியில் இல்லைதான். ஆயினும் பி.வி.சி. உறை எரிந்தால் எழும் கரும்புகையும் அமில வாயுவும் எங்கும் ஒன்றே. மாடிக்கு மாடி ஏறும் கேபிள் வழி திறந்து கிடந்தால் அது புகைபோக்கியாகிவிடும்.

துளையை அடைக்கப் பொருள் இல்லாமலில்லை. தீ தாங்கும் சாந்து உண்டு. கனிமப் பஞ்சுப் பலகை உண்டு. சூட்டில் உப்பி இடைவெளியை நிரப்பும் மக்கு உண்டு. ஆள்தான் இல்லை! மின்பணியாளர் அது கொத்தனார் வேலை என்பார். கொத்தனார் அது கேபிள்காரர் வேலை என்பார். ஒப்பந்தத் தாளிலேயே ஒருவர் பெயரில் அதை எழுதிவிட வேண்டும். முதலில் ஒழுங்காய் அடைத்த துளையும், பின்னொரு நாள் புதிய கேபிள் ஒன்றை இழுக்கத் திறந்தபின் அப்படியே விடப்படுவதுண்டு. அடிக்கடி கேபிள் மாறும் இடங்களில் எடுத்து வைக்கத்தக்க தீத்தடுப்புப் பைகளை அடுக்குவது நலம்.

ஏணியை இறக்குமுன் ஒருவர் சுவரின் இப்புறம் கைவிளக்கைப் பிடிக்க, மற்றொருவர் அப்புறம் நின்று நோக்கட்டும். மெழுகுவர்த்தி வேண்டா. ஒளி கசிந்தால் வேலை இன்னும் முடியவில்லை.