மேடையும் மேசையும்



மறைந்த நம் தோழரின் நினைவாக நடக்கும் இந்தப் பொழிவில் வழக்கமாக இலக்கியம் பேசுவோம். இந்த ஆண்டு மருத்துவ மாநாடுகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதற்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்பு நாம் நடத்திய ஒரு கூட்டத்துக்கு, எச்.ஐ.வி.யுடன் வாழும் நம் சேரிப் பெண் ஒருவரைப் பேச அழைத்தோம். கணவர் இறந்தது, அதன்பிறகு புகுந்த வீட்டில் தனக்கென்று தனித் தட்டும் தனித் தம்ளரும் ஒதுக்கப்பட்டது, எல்லாவற்றையும் சொன்னார். அரங்கமே கண்கலங்கியது. மாலையில் தீர்மானம் எழுத நாங்கள் ஆறு பேர் உள்ளறையில் உட்கார்ந்தோம். அவர் வெளியே திண்ணையில் இருந்தார். கிளம்பும்போது கேட்டார்: "அழுறதுக்கு மட்டும்தான் எங்களக் கூப்புடுவீங்களா அக்கா? எழுதுறப்ப கூப்புட மாட்டீங்களா?"

நாங்கள் எழுதிய தீர்மானம் 'விழிப்புணர்வு தேவை' என்றது. அவருக்கு வேண்டியிருந்தது வேறு. மாதாமாதம் கூட்டு மருந்து வாங்க மாவட்டத் தலைநகருக்குப் போய்வரும் நாளில் அவருக்குக் கூலி போய்விடும். மருந்து பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைத்தால் போதும் என்றார். அந்த ஒரு வரி எங்கள் தீர்மானத்தில் இல்லை. தேநீர்க்கடையின் இரட்டைக் குவளையை எதிர்த்து வளர்ந்த நாம், அன்று அவருக்கு ஒரு தனிக் குவளை வைத்தோம். அவர் கேட்ட கேள்விக்கான பதிலைத் தேடித்தான் இந்தப் போராட்ட வரலாற்றைப் படிக்கத் தொடங்கினோம்.

1983 ஜூன் மாதம் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஒரு சுகாதார மாநாடு நடந்தது. எய்ட்ஸ் வந்தால் மரணம் என்றிருந்த காலம். நோயுற்ற பத்துப் பன்னிரண்டு பேர் மேடையேறி ஓர் அறிக்கை வாசித்தார்கள். எங்களைப் 'பலியானவர்கள்' என்று சொல்லாதீர்கள், நாங்கள் எய்ட்ஸுடன் வாழும் மனிதர்கள் என்றார்கள். முடிவெடுக்கும் ஒவ்வொரு மட்டத்திலும் எங்களுக்கு இடம் வேண்டும் என்றார்கள். அடுத்தவர் வைத்த 'ஹரிஜன்' என்ற பெயரை மறுத்து 'தலித்' என்று நிமிர்ந்த நமக்கு இது புதிதல்ல. லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் உட்கார்ந்ததன் பொருளும் இதுதான்: எங்களுக்காக நாங்களே பேசுவோம்.

1989இல் கனடாவின் மாண்ட்ரியலில் ஐந்தாவது சர்வதேச எய்ட்ஸ் மாநாடு நடந்தது. விஞ்ஞானிகளும் அமைச்சர்களும் காத்திருக்க, நோயுடன் வாழ்வோரும் ஆதரவாளர்களும் உள்ளே நுழைந்து மேடையைப் பிடித்தார்கள். பிரதமர் பேசும் முன்பே, எய்ட்ஸுடன் வாழும் மக்களின் பெயரால் மாநாட்டை அவர்களே தொடங்கிவைத்தார்கள். கையில் வெறும் முழக்கத்தோடு அவர்கள் வரவில்லை, கோரிக்கைகளை வரிசையாக எழுதிய ஒரு சாசனத்தோடு வந்தார்கள்.

மேடையேறுவதற்கு முன் எல்லையைக் கடக்கவேண்டியவர்களும் இருந்தார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்கள் நுழைய அமெரிக்கா தடை விதித்திருந்ததால், 1992 மாநாடு பாஸ்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு மாறியது. தடை 2010இல்தான் நீங்கியது. 2012இல் வாஷிங்டனில் மாநாடு கூடியபோதும் பாலியல் தொழிலாளர்களுக்கு விசா சிக்கல் தீரவில்லை. அதே நாட்களில் அவர்கள் கொல்கத்தாவில் தங்கள் மாநாட்டைத் தாங்களே நடத்தினார்கள்.

இனி டர்பன். 2000 ஜூலையில் எய்ட்ஸ் மாநாடு முதன்முறையாக ஆப்பிரிக்க மண்ணுக்கு வந்தது. அந்த நகரை ஒட்டிய குவாமாஷூ குடியிருப்பில்தான், தனக்கு எச்.ஐ.வி. இருப்பதைப் பொதுவில் சொன்ன குகு த்லாமினி என்ற பெண் 1998 டிசம்பரில் அடித்துக் கொல்லப்பட்டார். அதே மாதம் கேப்டவுனில் 'சிகிச்சைக்கான செயல் இயக்கம்' தொடங்கியது. 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்' என்று எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்த இயக்கம் அது. மாநாடு தொடங்கிய அன்று ஆயிரக்கணக்கானோர் மருந்து கேட்டு டர்பன் வீதிகளில் ஊர்வலம் போனார்கள். அப்போது ஒருவரின் ஓராண்டு கூட்டு மருந்தின் விலை பத்தாயிரம் டாலருக்கு மேல்.

தொடக்க விழாவில் அதிபர் தாபோ எம்பெகி வறுமையைப் பற்றிப் பேசினார். வறுமை கொல்கிறது என்பது உண்மைதான். ஆனால் எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணமா என்ற சந்தேகத்தை அவர் கிளப்பிக்கொண்டிருந்த காலம் அது. 'வறுமை தீரட்டும்' என்ற பேச்சு, மருந்து தராமல் இருப்பதற்குச் சாக்கானது. 'வர்க்கம் ஒழியட்டும், சாதி தானே போகும்' என்று கேட்டுப் பழகிய நமக்கு இந்தத் தர்க்கம் புரியும்.

அதே விழாவில் பதினோரு வயதுச் சிறுவன் நிகோசி ஜான்சன் பேசினான். பிறக்கும்போதே எச்.ஐ.வி.யோடு பிறந்தவன். கர்ப்பிணிகளுக்கு மருந்து கொடுங்கள் என்று அரசைக் கேட்டான். உலகம் அழுதது. அடுத்த ஆண்டு ஜூன் 1ஆம் தேதி அவன் இறந்துபோனான்.

மறுநாள், விமான விபத்தில் இறந்த மருத்துவர் ஜொனாதன் மான் நினைவாக ஒரு பொழிவு நடந்தது. இன்று நாம் கூடியிருப்பதைப் போன்ற ஒரு நினைவுப் பொழிவுதான். பேசியவர் நீதிபதி எட்வின் கேமரூன், அவரும் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர். 'நான் உங்கள்முன் உயிரோடு நிற்பதற்குக் காரணம், மருந்தை விலைக்கு வாங்க என்னிடம் பணம் இருப்பதுதான், என் இருப்பே அநீதிக்குச் சாட்சி' என்ற பொருளில் பேசினார்.

கண்ணீரும் பேச்சும் மட்டுமே மருந்தைக் கொண்டுவரவில்லை. இயக்கத்தின் உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பினப் பெண்கள். அவர்கள் வைரஸ் எப்படி வேலை செய்கிறது, மருந்தின் பக்கவிளைவு என்ன, காப்புரிமை என்றால் என்ன என்று வகுப்பு நடத்திக் கற்றார்கள். 2000 அக்டோபரில் தாய்லாந்திலிருந்து மலிவு மருந்தைக் கொண்டுவந்து, காப்புரிமையை மீறினோம் என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் ஓராண்டு மருந்தை 350 டாலருக்குத் தர முன்வந்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராத நம் 1970ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதைச் சாத்தியமாக்கியது. தென்னாப்பிரிக்க அரசின் மருந்துச் சட்டத்தை எதிர்த்து 39 நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் இயக்கம் தன்னையும் இணைத்துக்கொண்டது. ஏப்ரலில் நிறுவனங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. நிகோசி கேட்டது, 2002 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றத் தீர்ப்பாக வந்தது. அதைப் பார்க்க அவன் இல்லை.

அதே டர்பனுக்கு, 2001 ஆகஸ்ட் இறுதியில், இனவெறிக்கு எதிரான உலக மாநாட்டுக்கு நம் மக்களும் போனார்கள். பறையோடும் பதாகையோடும் போனார்கள். சாதி இனம் அல்ல, அது உள்நாட்டு விவகாரம் என்றது இந்திய அரசு. இறுதி அறிக்கையில் சாதி என்ற சொல் இடம்பெறவில்லை. அந்த மேசையில் எழுத உட்கார்ந்தவை அரசுகள். ஆனால் அதோடு முடியவில்லை. விடாமல் உழைத்ததால் 2002இல் இனப்பாகுபாடு ஒழிப்புக்கான ஐ.நா. குழு, பிறப்பின் அடிப்படையிலான பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று எழுதியது. மேடை கிடைக்காதபோதும் மேசையை விடக்கூடாது என்பதற்கு இது சாட்சி.

நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் உறுதியானது 1986இல், சென்னையில். பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் எடுத்த ரத்தத்தில்தான் அது தெரிந்தது. கண்டறிந்த மருத்துவர்களின் பெயரை நாம் மரியாதையோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். அந்தப் பெண்களின் ரத்தம் பேசியது. அவர்கள் பேச மேடையும் இல்லை, மேசையும் இல்லை. 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியது. பாகுபாட்டைத் தடை செய்யும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இவற்றின் பின்னால் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரே கட்டிய அமைப்புகளின் உழைப்பு இருக்கிறது. நம் இலக்கியக் கூட்டங்களில் அவர்களைப் பற்றி எத்தனை முறை பேசியிருக்கிறோம்?

முடிவாக மூன்று வேலைகளை நமக்கே வைத்துக்கொள்வோம்.

முதலாவது, யாருடைய பாட்டைப் பற்றித் தீர்மானமோ, அவர் எழுதும் குழுவில் இருக்கவேண்டும். அவர் சம்மதிக்காத வரி தீர்மானத்தில் ஏறக்கூடாது.

இரண்டாவது, அவருக்குப் பேருந்துக் கட்டணமும் அன்றைய கூலியும் நாம் தரவேண்டும். பேராசிரியருக்குப் பயணப்படி தருகிறோம், கூலிப் பெண்ணிடம் தியாகம் கேட்கிறோம். இது நியாயமல்ல.

மூன்றாவது, யாரையும் மேடையில் வெளிப்படுத்திக்கொள்ளச் சொல்லக்கூடாது. பேசும் உரிமை வேறு, தன்னைக் காட்டிக்கொடுக்கும் கட்டாயம் வேறு. குகு த்லாமினியை நாம் மறக்கக்கூடாது. தன் நோயைச் சொல்லாமலேயே ஒருவர் மேசையில் உட்காரலாம், எழுதலாம்.

அந்தப் பெண்ணை அடுத்த கூட்டத்துக்கு மறுபடி அழைத்திருக்கிறோம். "இந்தத் தடவ பேச மாட்டேன், எழுதத்தான் வருவேன்" என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு நாற்காலி போட்டு வைப்போம்.

ஜெய்பீம்.