உயிர்களை வகுத்த தமிழும் நம் கடமையும்



விலங்குகளை இனம் பிரித்துக் காணும் அறிவு மேலையர் தந்த கொடை என்றே நம் பிள்ளைகளுட் பலர் எண்ணியிருக்கின்றனர். தொல்காப்பிய மரபியலைக் கற்றவர் அவ்வாறு எண்ணார். புல்லும் மரமும் ஊற்றுணர்வு மட்டுமே உடைய ஓரறிவுயிர்; நந்தும் முரளும் சுவையுணர்வும் கூடிய ஈரறிவுயிர்; சிதலும் எறும்பும் மோப்பமும் கூடிய மூவறிவுயிர்; நண்டும் தும்பியும் பார்வையும் கூடிய நாலறிவுயிர்; மாவும் மாக்களும் கேள்வியும் கூடிய ஐயறிவுயிர்; மனவுணர்வும் வாய்ந்த மக்கள் ஆறறிவுயிர். ஒவ்வொரு படியிலும் அவ்வினத்தைச் சார்ந்த பிறவும் உள என்று சொல்லி, மேலும் ஆராய்வார்க்கு ஆசிரியர் வழிவிட்டுச் சென்றார்.

கிரேக்கத்து அரிசுட்டாட்டில் குருதியுடையன, குருதியில்லன என விலங்குகளை இரண்டாகப் பகுத்தார். சுவீடன் நாட்டு இலின்னேயசு 1758-இல் பாலூட்டிகள், பறவைகள், இருவாழ்விகள், மீன்கள், பூச்சிகள், புழுக்கள் என ஆறு வகுப்புகளை அமைத்தார். பின்வந்த இலமார்க்கு முதுகெலும்பை அளவுகோலாகக் கொண்டார். இன்றைய அறிவியலோ உடலமைப்போடு மரபுவழியையும் நோக்குகின்றது. வௌவால் பறந்தாலும் பாலூட்டியே. முதலைக்குப் பல்லியினும் பறவையே நெருங்கிய உறவு.

எனவே, தொல்காப்பியமே இன்றைய விலங்கியல் என்று மார்தட்டுவது நமக்கு அழகன்று. எறும்பும் நண்டும் தும்பியும் அங்கே இரு படிகளில் நிற்கின்றன. இன்றோ மூன்றும் கணுக்காலிகள் என்னும் ஒரே பெருந்தொகுதியுள் அடங்கும். எறும்புகளுட் பலவற்றிற்குக் கண்ணும் உண்டு. முரளை இப்பி வகையெனக் கொண்டால், நந்தும் முரளும் மெல்லுடலிகள் என இன்றும் ஓரினமாகவே நிற்கும். முடிவுகள் மாறலாம், ஒரு பண்பை அளவுகோலாக நிறுத்தி உயிர்களை நிரல்படுத்திய முறையே நம் முன்னோர் நாட்டிய பெருமை.

அம்முறைக்கு மொழியும் ஈடுகொடுத்தது. மரபியல் இளமைப் பெயர் 9, ஆண்பாற் பெயர் 15, பெண்பாற் பெயர் 13 எனத் தொகுத்துக் கூறுகின்றது. அவை ஏட்டில் உறங்கும் சொற்களா? மேச்சேரிச் செம்மறி என்கிறோமே, அதனுள் இருப்பது மறி என்னும் தொல்காப்பியச் சொல்! நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் சொல்லும் சேவலும் பெட்டையும் அப்பட்டியலில் உள்ளவையே. முட்டைக்கோழி, கறிக்கோழி என்று புதுத்தொழிலுக்குத் தமிழிலேயே பெயரிட்டவர் எந்தப் பல்கலைக்கழகத்தார்? உழவரும் ஆயரும் காத்த தமிழைப் படித்தவரன்றோ கைவிடுகின்றனர்!

இம்மண்ணுக்கு இதில் தனிக்கடன் உண்டு. தமிழில் அறிவியற் சொற்களை ஆக்கவென்றே 1916-இல் ஒரு கழகம் தோன்றியது இதே சேலத்தில். இராசகோபாலாச்சாரியார் அதனை முன்னின்று நடத்தினார். மறைமலையடிகளின் தனித்தமிழ் இயக்கமும் அவ்வாண்டிலேயே எழுந்தது. வடசொல்லைக் கடன்பெறுவதா, தமிழ்வேரினின்று சொல்லை முளைப்பிப்பதா என்னும் வழக்கு நெடுங்காலம் நடந்தது. மொழிஞாயிறு பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் கல்லூரியில் தமிழ் கற்பித்தபடியே சொற்களின் வேரைத் துருவினார். இன்று முதுகெலும்பி, ஊர்வன, குழியுடலி, முட்தோலி என்று நம் பிள்ளைகள் படிக்க முடிகின்றதெனில், வேரை நாடியவர் பக்கமே காலம் தீர்ப்பளித்தது என்பேன்.

தோழர்களே! பழம்பெருமை பேசும் வாய் பயிலும் மொழியை விட்டுவிட்டால் அப்பெருமை வெறும் பதராகும். முட்தோலி என்ற சொல்லைக் கேட்ட பிள்ளை அதன் தோலில் முள்ளிருக்கும் என்று அறிகின்றான். அயற்சொல்லைக் கேட்ட பிள்ளையோ உருப்போடுகின்றான். தாய்மொழிக் கல்வியின் பயன் இவ்வளவு எளிது.

விடுமுறை நாளில் கொல்லிமலைக்குச் செல்லுங்கள். மேட்டூர் மீனவரிடம் அமருங்கள். மேச்சேரி ஆயரைக் கேளுங்கள். மீனுக்கும் பறவைக்கும் பூச்சிக்கும் அவர்கள் வழங்கும் பெயர்களை ஊர்ப்பெயரோடு எழுதி வையுங்கள். அப்பெயர்களை அறிந்த முதியோர் மறையுமுன் இதனைச் செய்தாக வேண்டும். பிறவும் உள என்று தொல்காப்பியர் விட்டுச்சென்ற இடத்தை நிரப்புவது நம் கடமை.

வாழ்க தமிழ்!