பழைய எஞ்சினுக்கு ஊதுகுழல்



விறகடுப்பு மங்கினால் ஊதுகுழலை எடுத்து ஊதுகிறோம். காற்று கூடினால் தீயும் கூடுகிறது. டர்போ என்னும் கருவி கார் எஞ்சினுக்கு ஊதுகுழல். வெளியேறும் புகையின் விசை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று மிகுந்தால் பெட்ரோலை மிகுதியாக எரிக்கலாம், வலுவும் கூடும்.

அப்படியானால், பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒரு டர்போவைப் பூட்டினால் போதுமே என்று பட்டறையில் வேலை பழகும் பிள்ளைகள் கேட்பதுண்டு. போதாது. அந்த எஞ்சின் தானே காற்றை உறிஞ்சிக்கொள்ளும்படி செய்யப்பட்டது. உறிஞ்சிய காற்றைப் பிஸ்டன் 8, 9 மடங்கு அமுக்குகிறது. முன்பே அமுக்கிய காற்றை மேலும் அவ்வளவு அமுக்கினால் சூடு அளவு கடக்கும். தீப்பொறியிலிருந்து சீராகப் பரவவேண்டிய தீ, மூலையில் மிஞ்சியுள்ள கலவையில் தானாகவே பற்றி வெடிக்கும். உலோகத்தில் தட்டுவதுபோல் கேட்கும் அவ்வோசையை ‘நாக்கிங்’ என்பார்கள். கேட்டும் கேளாததுபோல் ஓட்டினால் பிஸ்டன் உடையும். ஹெட் கேஸ்கட் போகும். காற்றுக்கு ஏற்பப் பெட்ரோல் கூடாவிட்டால் ஆபத்து இன்னும் விரைவில் வரும்.

1973-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் தன் 2002 காருக்கு டர்போ வைத்தபோது என்ன செய்தது? டர்போ இல்லாத 2002 டிஐஐ காரில் 9.5 ஆக இருந்த அமுக்க விகிதத்தை 6.9 ஆகக் குறைத்தது. அப்படிக் குறைத்தும் 130 குதிரைத் திறன் 170 ஆயிற்று. எஞ்சினைச் செய்தவர்களே இவ்வளவு எச்சரிக்கையாக இருந்தார்கள்!

அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபீல் 1962-இல் வேறு வழி பார்த்தது. ஜெட்ஃபயர் காரில் விகிதத்தை 10.25 ஆகவே வைத்து, நீரும் மெத்தனால் என்னும் எரிசாராயமும் கலந்த திரவத்தைப் பீய்ச்சிச் சூட்டைத் தணித்தது. திரவத்தை நிரப்பப் பலர் மறந்தார்கள். அது தீர்ந்துவிட்டால் டர்போவின் காற்றை மட்டுப்படுத்த ஒரு தடுப்பு இருந்தது; ஆகவே கார் மந்தமாயிற்று. பிறகு பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் பொருத்திக் கொடுத்தார்கள்.

ஆகையால், யாராவது பழைய காரைக் கொண்டுவந்து டர்போ வைக்கச் சொன்னால், முதலில் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து பாருங்கள். எண்ணெய் அழுத்தத்தையும் ரேடியேட்டரையும் பாருங்கள். தேய்ந்த எஞ்சின் என்றால் காசை வாங்காதீர்கள்.

இன்னொன்று. டர்போவின் தண்டு நிமிடத்திற்கு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். எஞ்சின் எண்ணெய்தான் அதைக் காக்கிறது. விரைந்து ஓடிய காரை நிறுத்தியவுடன் எஞ்சினை அணைத்தால், சூட்டில் நின்றுபோன எண்ணெய் கருகிக் கரியாகும். ஓரிரு நிமிடம் எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, அதன்பின் அணையுங்கள்.