என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



நம் பி பிளாக்கில் ஒரு குடும்பம் காப்பகத்திலிருந்து நாய் ஒன்றைத் தத்தெடுத்திருப்பது உங்களுக்குத் தெரியும். முகமெல்லாம் தழும்பு, சண்டைக்கு வளர்த்த நாயாம். அதை வெளியேற்றச் சொல்லி எழுதிய மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன். பிறகு ஒரு வழக்கைப் பற்றிப் படித்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

2007 ஏப்ரலில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், மைக்கேல் விக் என்ற பிரபல விளையாட்டு வீரருக்குச் சொந்தமான இடத்தில் போலீஸ் சோதனை நடந்தது. நாய்ச்சண்டைக்கு வைத்திருந்த சுமார் 50 பிட்புல் நாய்கள் சிக்கின. விக்குக்கு 23 மாதச் சிறை. நாய்களை என்ன செய்வது? அதுவரை கொன்றுவிடுவதுதான் வழக்கம். பெரிய விலங்கு நல அமைப்புகள் சிலவே அப்படித்தான் சொல்லின.

எங்கள் வங்கிப் பாஷையில், மொத்தமாக வாராக்கடன் என்று தள்ளுபடி செய்யப் பார்த்தார்கள். நீதிமன்றம் ஒப்பவில்லை. நிபுணர்கள் ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகச் சோதித்தார்கள். பல நாய்கள் சீறவே இல்லை; பயத்தில் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டன. குணம் காரணமாகக் கொல்ல நேர்ந்தது ஒன்றை மட்டுமே. பராமரிப்புக்காக விக் சுமார் 9,28,000 டாலர் தர வேண்டியிருந்தது.

மற்றவை காப்பகங்களுக்கும் வீடுகளுக்கும் போயின. மனிதர் தொட்டால் அடி விழாது என்பதையே அவை புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. பொறுமையாகப் பழக்கினார்கள். லியோ என்ற நாய் புற்றுநோயாளிகளுக்குத் துணையாகப் போய் உட்கார்ந்தது. ஜானி என்ற நாயின் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தைகள் சத்தமாகப் புத்தகம் படித்தார்கள்.

எல்லா நாயும் அப்படியல்ல. லூகாஸ் என்ற நாய் ஆயுள் முழுக்கக் காப்பகத்திலேயே இருக்க வேண்டும் என்பது நீதிமன்ற உத்தரவு. அங்கே அது நிம்மதியாகவே வாழ்ந்தது. அதனால்தான் சொல்கிறேன், ஒவ்வொரு கணக்கையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டிலும் விலங்குகளை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குற்றம் செய்தது மனிதன். தண்டனை நாய்க்கா?

கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. நல்ல பயிற்சியாளர் ஒருவர் வந்து பார்க்கட்டும். தடுப்பூசிச் சான்று கேட்போம். வெளியே வரும்போது கயிறும் வாய்மூடியும் இருக்கட்டும். பிள்ளைகள் தாமாகப் போய்த் தொட வேண்டாம். மூன்று மாதம் கழித்து மறுபடி பேசுவோம்.

அதுவரை அந்த மனுவில் என் கையெழுத்து வேண்டாம். செயலாளர் அவர்கள் அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.